எந்த இரண்டு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பல்பு கம்பெனியில் எல்லோருக்கும் அவள் சுவிட்ச் அக்கா. பத்தொன்பது வருடமாக ஒரே மேசை, ஒரே சுவிட்ச்.

மேசை தகரத்தால் ஆனது. அதன்மேல் ஐந்து ஹோல்டர்கள் வரிசையாக இருந்தன, பின்னால் கறுப்பு அட்டை. கூடையிலிருந்து ஐந்து பல்புகளை எடுத்துத் திருகுவாள். சுவிட்சைப் போடுவாள். மனதுக்குள் மூன்று எண்ணுவாள். அணைப்பாள். கழற்றுவாள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. வாரத்துக்கு ஐந்து நாள் இதே வேலை, ஆறாம் நாள் கூடை துடைப்பதும் மேசை துடைப்பதும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் ஓடும்போது பல்பைக் கழற்றக் கூடாது. அணைத்த பிறகோ எரிந்ததும் எரியாததும் ஒன்றுபோலவே இருக்கும். எது செத்தது என்று ஒரு நொடியில் மறந்துபோகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் உயிருள்ளதைக் குப்பையில் போட்டு, செத்ததைப் பெட்டிக்கு அனுப்பி, ஃபோர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு பழக்கம். பேக்கிங் அட்டை வெட்டும்போது விழும் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு துண்டு. அதில் ஐந்து வட்டம். எரியாததன் வட்டத்தை மட்டும் பென்சிலால் கறுப்பாக்குவாள். பிறகு அணைப்பாள், சீட்டைப் பார்த்துக் கழற்றுவாள், சீட்டைக் கம்பியில் குத்துவாள்.

வட்டம் போட்டுப் போட்டு விரல் வலிக்கிறது என்று சொன்னதும் அவள் கணவர் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒரு முத்திரை செய்து கொடுத்தார். ஒரு குத்து, ஐந்து வட்டம். அவர் தையல்காரர். வெட்டுவதில் கெட்டிக்காரர்.

சீட்டுகள் ஒரு வாரம் கம்பியில் கிடக்கும். திங்கட்கிழமை காலை கண்ணாடி உலைக்குள் போகும். அதற்கு முன், சனிக்கிழமை காலையே, ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து இரண்டு கறுப்பு உள்ள சீட்டுகளை மட்டும் எண்ணி, ரெஜிஸ்டரில் சிவப்பு மையால் எழுதிப் போவார். கம்பெனி விதி அது. ஒரு பல்பு செத்தால் சகஜம், பத்துக்கு ஒன்று போகும், மாற்றிவிடலாம். இரண்டு செத்தால் ஐந்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று செத்தால் மேசையை நிறுத்தி ஃபோர்மேனைக் கூப்பிட வேண்டும். எந்த வட்டம் கறுப்பு என்று இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

முதலாளிக்கு மாப்பிள்ளை வந்தான். படித்தவன். கண்ணாடி அறையில் முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்பட்டது. முன்னால் எல்லோரும் அவனை சார் என்றார்கள், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்றார்கள். வந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், அவன் சுவிட்ச் அக்காவைக் கூப்பிட்டனுப்பினான்.

ரெஜிஸ்டர் விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு தாள் நிறைய அவன் எழுத்து.

"உக்காருங்கம்மா. பத்து பல்புக்கு ஒண்ணு போகுது. சரியா?"

"ஆமா சார். ரொம்ப நாளா அப்படித்தான்."

"ஒரு பல்புக்கும் பக்கத்துப் பல்புக்கும் சம்பந்தம் கிடையாது. இது அணைஞ்சதால அது அணையணும்னு இல்ல. அதனால பெருக்கணும். ஒண்ணு அணையறதுக்குப் பத்துல ஒரு பங்கு. இன்னொண்ணும் அணையறதுக்கு அதுல பத்துல ஒரு பங்கு. மிச்ச மூணும் எரியணும், ஒவ்வொண்ணுக்கும் பத்துல ஒன்பது. எல்லாத்தையும் பெருக்கினா ஆயிரம் தடவைக்கு ஏழு வருது. ஏழு சிவப்பு." அவன் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினான். "நீங்க ஆயிரம் தடவை சுவிட்ச் போட்ட போன வாரம் எழுபத்தொண்ணு. இந்த வாரம் எழுபத்தி நாலு. பத்து மடங்கு."

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் பத்து மடங்கு என்று அவன் சொன்ன விதம் புரிந்தது.

"நல்ல பல்பை எடுத்துட்டுக் குப்பைக் கூடையிலேர்ந்து செத்ததை யாரோ வைக்கறாங்க. மேசையில உக்கார்றது நீங்க ஒருத்தர்தான்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து துடைத்தார்.

"திங்கக்கிழமை காலைல வந்து காரணம் சொல்லுங்க. இல்லைன்னா மேசைய விட்டுடுங்க."

அவள் வெளியே வந்தாள். பேக்கிங் வரிசையிலிருந்து அவளுடைய நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அந்தக் கம்பெனியிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான்.

"என்ன அண்ணி, கண்ணாடி ரூம்ல உக்கார வச்சுப் பேசறாங்க? ஃபோர்மேன் ஆக்கிட்டாங்களா?"

"திருடின்னு சொல்லிட்டாங்க."

நாத்தனார் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "நீயா? வீட்ல தீப்பெட்டி தீர்ந்தா பக்கத்து வீட்ல கேக்கறதுக்கே அரை நாள் யோசிக்கறவ நீ. பல்பை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவியாம்? எங்க அண்ணன் தையல் மெஷின்ல மாட்டிக்குவாரா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் கொஞ்சம் தெம்பு வந்தது. மேசைக்குப் போனாள். கம்பியில் அந்த வார ஆயிரம் சீட்டும் இருந்தன. ஃபோர்மேனிடம் கேட்டாள்.

"உலைக்குப் போற குப்பைதானேக்கா. எடுத்துட்டுப் போங்க, எனக்கென்ன. திங்கக்கிழமை கம்பி மட்டும் திரும்பி வரணும்."

ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு, கணவரின் துணி வெட்டும் மேசையைக் காலி செய்து சீட்டுகளைக் கொட்டினாள்.

அவள் மனதில் ஒரே சந்தேகம்தான் இருந்தது. ஏதோ ஒரு ஹோல்டர் பழுது. மூன்றாவதோ ஐந்தாவதோ. உள்ளே இருக்கும் தகடு தளர்ந்திருக்கும், நல்ல பல்பையும் எரியவிடாமல் செய்யும். அப்படியானால் கறுப்பு அந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப விழுந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் திங்கட்கிழமை காலை விரலை நீட்டி, இதோ இவன்தான் என்று காட்டிவிடலாம்.

முதலில் கறுப்பே இல்லாதவை, ஒரு கறுப்பு, இரண்டு, மூன்று எனப் பிரித்தார்கள். ஐநூற்று எண்பத்தாறு. முந்நூற்று முப்பத்தொன்று. எழுபத்து நாலு. ஒன்பது. கணவர் சுண்ணாம்புக் கட்டியால் மேசையிலேயே எழுதிக் கூட்டினார். ஆயிரம். ஒன்றும் தொலையவில்லை.

பிறகு அந்த எழுபத்து நாலை மட்டும் எடுத்து, கறுப்பு விழுந்த இடத்தைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினாள். ஒன்றும் இரண்டும் கறுப்பு, ஒரு குவியல். ஒன்றும் மூன்றும், இன்னொரு குவியல்.

"இது பக்கத்து வீடு," என்றார் கணவர். "ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. இது கம்மல்." முதலும் கடைசியும் கறுப்பாக இருந்ததை எடுத்துத் தன் காதருகே வைத்துக் காட்டினார்.

"என் மானம் போயிட்டிருக்கு, உங்களுக்கு விளையாட்டு."

"துணி வெட்டறவன் எல்லாத்துக்கும் பேர் வைப்பான். இல்லைன்னா கைய எங்க மாத்தி வெட்டிடுவானோன்னு பயம். நீ பிரி."

பிரித்து முடித்தபோது மேசையில் பத்துக் குவியல் இருந்தது. அவள் எண்ணினாள். எட்டு. ஆறு. ஏழு. பதினொன்று. ஐந்து. ஒன்பது. ஏழு. நாலு. பத்து. ஏழு.

எந்த ஹோல்டரும் மாட்டவில்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குற்றம் செய்திருந்தது. அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். கண் நிறைந்தது.

"யார் மேலயும் சொல்ல முடியாதுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

கணவர் குவியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார். "அந்த மாப்பிள்ளை எத்தனை வரணும்னு சொன்னான்?"

"ஏழு."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. எழுந்து நின்றாள். எட்டு, ஆறு, ஏழு. முன்னே பின்னே இருந்தாலும் எல்லாம் ஏழைச் சுற்றித்தான் நின்றன. அவன் சொன்ன ஏழு பொய்யில்லை. அந்த ஏழு இங்கே இருக்கிறது. பத்து இடத்தில் இருக்கிறது.

இரண்டு செத்தால் என்று அவன் சொன்னான். எந்த இரண்டு என்று சொல்லவில்லை. அவன் பெருக்கியது இந்த ஒரு குவியலை. ஒன்றாவது அணைய, இரண்டாவது அணைய, மிச்சம் மூன்றும் எரிய. அது பக்கத்து வீடு மட்டும். கம்மலுக்கு ஒரு ஏழு உண்டு. ஒன்றும் மூன்றும் சேர்ந்ததற்கு ஒரு ஏழு உண்டு. ரெஜிஸ்டரில் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு.

"பத்து குவியல்தான் இருக்குமா? பதினொண்ணு இருக்காதா?" என்றார் கணவர்.

"இருந்தா காட்டுங்க."

அவர் வெறும் சீட்டில் முத்திரை குத்தி, இரண்டு வட்டத்தைக் கறுப்பாக்கிக் காட்டினார். அது ஏற்கெனவே நாலாவது குவியலில் இருந்தது. இன்னொன்று. அதுவும் இருந்தது. அரை மணி நேரம் முயன்றார். பொத்தான்களை வரிசையாக வைத்துப் பார்த்தார், தலைகீழாக வைத்துப் பார்த்தார்.

"விடுங்க. ஒண்ணாவதுக்கு ஜோடி நாலு பேர். ரெண்டாவதுக்கு, ஒண்ணாவதோட ஏற்கெனவே சேர்ந்தாச்சு, மிச்சம் மூணு பேர். மூணாவதுக்கு ரெண்டு. நாலாவதுக்கு ஒண்ணு. அவ்வளவுதான். கூட்டுங்க."

அவர் கூட்டிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார்.

அவள் பத்துக் குவியலையும் மறுபடி பார்த்தாள். திருட்டுப் பட்டம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. பத்தொன்பது வருடமாக அவள் கைக்குள்ளேயே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. எந்தப் பல்புக்கும் பக்கத்துப் பல்பைத் தெரியாது. போன தடவை எது அணைந்தது என்று ஹோல்டருக்கு ஞாபகம் இல்லை. கம்மல் வந்து ரொம்ப நாளாயிற்றே, இப்போது வரட்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவளே கூடைக்குள் கண்ணை மூடிக்கொண்டுதான் கை விடுகிறாள். இத்தனை பேரும் அவரவர் பாட்டுக்கு இருந்துவிட்டுக் கடைசியில் ஏழு ஏழாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்று கறுப்பு உள்ள ஒன்பது சீட்டைப் பார்த்தாள். மூன்று கறுப்பு என்றால் இரண்டு வெள்ளை. அப்படியானால் அதற்கும் பத்து வகை, பத்து முகம்தான் இருக்க முடியும். எண்ணாமலே தெரிந்தது. எண்ணாமல் தனக்கு ஒன்று தெரிந்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை காலை கண்ணாடி அறையின் மேசையில் பத்துக் குவியலையும் வரிசையாக வைத்தாள்.

"சார், நீங்க சொன்ன ஏழு சரிதான். எந்த ரெண்டுன்னு மட்டும் சொல்லிடுங்க."

மாப்பிள்ளைக்குப் பிடிபடவில்லை. "எந்த ரெண்டா இருந்தா என்ன? ரெண்டு ரெண்டுதான்."

"ரெஜிஸ்டருக்கு ஒண்ணுதான். ஹோல்டருக்கு ஒண்ணு இல்ல சார்." அவள் முதல் குவியலை அவன் பக்கம் தள்ளினாள். "இது மொதல் ரெண்டு. எட்டு தடவை. இது ஒண்ணும் மூணும். ஆறு தடவை."

அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஏழாவது குவியலுக்கு வந்தபோது வேகம் குறைந்தது. இருந்தாலும் விடவில்லை.

"இது நீங்களே உக்காந்து போட்டதா இருக்கலாமே."

"இருக்கலாம் சார். அதனால இத விடுங்க. உங்க கணக்கையே போடுங்க. ரெண்டுக்குப் போட்ட மாதிரி மத்ததுக்கும் போடுங்க. ஒண்ணுமே அணையாம இருந்தா எத்தனை? ஒண்ணு மட்டும் அணைஞ்சா எத்தனை? எல்லாத்தையும் கூட்டுங்க. நான் ஆயிரம் தடவை சுவிட்ச் போட்டேன். ஆயிரம் வரணுமில்ல."

இதை அவள் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வரவில்லை. ஆயிரம் சீட்டுக்கும் கணவர் போட்ட கூட்டல் கண்ணில் நின்றதால் வாயில் வந்தது.

மாப்பிள்ளை எழுதினான். ஒன்றும் அணையாதது ஐநூற்றுத் தொண்ணூறு. ஒன்று மட்டும் அணைந்தது அறுபத்தாறு. இரண்டு, ஏழு. மூன்று, இழுத்துப் பிடித்தால் ஒன்று. கூட்டினான். மறுபடியும் கூட்டினான்.

"எவ்வளவுப்பா?" என்றார் முதலாளி. இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அறுநூத்தி அறுபத்தி நாலு மாமா."

"மிச்சம்?"

மாப்பிள்ளை பேனாவை மூடினான். திறந்தான். அறுபத்தாறை அடித்துவிட்டு ஐந்தால் பெருக்கினான். ஏழை அடித்துவிட்டு, ஏழும் சொச்சமும் என்று எழுதி, பத்தால் பெருக்கினான். ஒன்றுக்குக் கீழே இருந்த அந்தச் சொச்சத்தையும் பத்தால் பெருக்கினான். கூட்டிப் பார்த்தான். ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றது. அவன் காது மடல் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது வெட்கம் மட்டும் இல்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கணக்குலேர்ந்துதான் மாமா முந்நூத்தி முப்பத்தாறு காணாமப் போயிருக்கு."

"அப்ப அவங்க?"

"அவங்ககிட்ட எல்லாமே இருக்கு."

மன்னிப்பு என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கதவைத் திறந்துவிட்டான். மதியத்துக்குள் நாத்தனார் பேக்கிங் வரிசை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். "படிச்ச மாப்பிள்ளை மூணுல ஒரு பங்கை முழுங்கிட்டு எங்க அண்ணியத் தேடியிருக்காரு." மறுவாரம் ரெஜிஸ்டரில் சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் முளைத்தது. அதில் ஐந்து சின்ன வட்டம். சீட்டுகள் உலைக்குப் போவது நின்றது.

ஆறு வருடம் கழித்துப் புது மேசை வந்தது. பத்து ஹோல்டர். அதை இறக்கி வைத்த அன்றே மாப்பிள்ளை வந்து நின்றான். தலையில் முன்பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அக்கா, சிவப்பு எத்தனையில போடலாம்? ரெண்டுன்னு வச்சா?"

அவள் ஹோல்டர்களைப் பார்த்தாள். "ஒண்ணாவதுக்கு ஜோடி ஒன்பது பேர். அடுத்ததுக்கு எட்டு. நாப்பத்தஞ்சு முகம் சார். நாள் பூரா சிவப்புதான் எழுதிட்டு இருக்கணும். வேண்டாம்."

"சரி. நாலுன்னு வச்சுக்கலாம்." போகாமல் நின்றான். "பாதி அணைஞ்சா எத்தனை முகம் தெரியுமா? அஞ்சு கறுப்பு, அஞ்சு வெள்ளை. எரநூத்தி அம்பத்திரண்டு."

"பத்து ஹோல்டருக்கா? சும்மா சொல்லாதீங்க."

"நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்கா. சரியாத்தான் சொல்றேன்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கணவர் புதிதாகப் பத்து வட்ட முத்திரை செய்து கொடுத்திருந்தார். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு மதியங்கள், துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகக் கறுப்பாக்கினாள். முதல் ஞாயிறு எண்பது வந்தது. இரண்டாம் ஞாயிறு நூற்று எழுபதைத் தாண்டியது. அவளுக்குப் பயம்போல ஒன்று வந்தது. முழங்கை நீளத்துக்குள் இருக்கும் பத்து ஓட்டை. அதற்குள் இத்தனை பேர் எங்கே குடியிருக்கிறார்கள்?

மூன்றாம் ஞாயிறு இருநூற்று ஐம்பத்தொன்றில் நின்றது. அதற்கு மேல் எது போட்டாலும் ஏற்கெனவே இருந்தது.

"ஒண்ணுதானே குறையுது. விட்டுடு," என்றார் கணவர்.

"விட முடியாதுங்க."

"அப்ப மாப்பிள்ளைதான் எடுத்துட்டுப் போயிருப்பாரு."

"யாரும் எடுக்கல. நான்தான் இன்னும் எழுதல."

சீட்டுகளைக் கலைத்துவிட்டு யோசித்தாள். பிறகு ஜோடி சேர்க்கத் தொடங்கினாள். கறுப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாக்கினால் அதுவும் ஐந்துக்கு ஐந்துதான். ஒவ்வொரு முகத்துக்கும் எதிர்முகம் ஒன்று இருந்தாக வேண்டும். கணவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கிடைத்த ஜோடியைத் துணி ஊசியால் குத்திக் குத்தி வைத்தார்கள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நூற்று இருபத்தைந்து ஜோடி சேர்ந்தது. மேசையில் ஒரே ஒரு சீட்டு ஜோடியில்லாமல் கிடந்தது.

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு.

அவள் முத்திரையைக் குத்தினாள். முதல் வட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவதைக் கறுப்பாக்கினாள். மூன்றாவதை விட்டாள். நாலாவதைக் கறுப்பாக்கினாள். எல்லாவற்றிலும் எளிதான முகம். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

மாப்பிள்ளை அந்தச் சீட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். வாரத்துக்கு ஆயிரம் தடவை சுவிட்ச் போட்டால் இந்த ஒரு முகம் ஒரு தடவை வர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் வந்தால்தான் உண்டு என்றான். அவளுக்கு இன்னும் ஐந்து வருட வேலை இருந்தது. சீட்டைக் கறுப்பு அட்டையின் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டாள்.

இன்னும் அது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சுவிட்சில் கை வைத்ததும் ஒரு மூச்சு நிறுத்திக்கொள்கிறாள். பத்துப் பல்பும் அவரவர் பாட்டுக்கு முடிவு செய்யும். போடுகிறாள்.